இறந்த கணினியும் இறவா எழுத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எனக்கு இட்ட பணி வேறு. வீட்டிலுள்ள கணினி ஒருநாள் செத்துப் போனால், அதில் உள்ள கோப்புகளைப் புதிய கணினிக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்பதை எல்லார்க்கும் விளங்கும்படி கூறுமாறு பணித்தார்கள். இது கடைத்தெருவில் கேட்டறிய வேண்டிய செய்தியன்றோ, தமிழ்ச் சங்க மேடைக்கு ஏற்குமோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஏற்கும் என்பதே என் கருத்து. அதற்குக் காரணமும் உண்டு.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் ஒரு பழைய கடிதமோ பாட்டோ தொலைந்தால், அடுத்த தெருவிலேனும் அதைப் போன்ற ஒன்று கிடைத்தல் கூடும். மட்டாஞ்சேரியில் வாழும் நம் நிலை அத்தகையதன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றார்கள். நம் வீட்டுத் தமிழ் எங்கே இருக்கின்றது? தாத்தா எழுதிய கடிதங்களில் இருக்கின்றது. குலதெய்வக் கோவில் வரவு செலவுக் கணக்கில் இருக்கின்றது. திருமணப் பத்திரிகையில் இருக்கின்றது. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலும் பழைய மலர்களிலும் இருக்கின்றது. அவற்றுட் பெரும்பகுதி இன்று தாளில் இல்லை. கணினியில்தான் இருக்கின்றது. கணினி கெட்டால் கெடுவது பொருள் மட்டுமன்று. இவ்வூரில் நாம் தமிழராய் வாழ்ந்தோம் என்பதற்குரிய சான்றும் உடன் போய்விடும்.

ஆகவே, "கணினி செத்துவிட்டது" என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். அச்சொல்லில் மூன்று வேறு வேறு பொருள்கள் ஒளிந்துள்ளன. முதலாவது, இயந்திரம் சாகலாம். இரண்டாவது, செய்தி பதிந்துள்ள ஏடு, அதாவது ஹார்டு டிஸ்க், சாகலாம். மூன்றாவது, இயந்திரமும் ஏடும் நலமாக இருக்க, எழுத்து மட்டும் சாகலாம். முதற் சாவை எளிதிற் கடக்கலாம். இரண்டாவதைச் சில வேளைகளில் கடக்கலாம். மூன்றாவது சாவே தமிழருக்கென்று தனியே வாய்த்தது. அதைப் பலர் அறியார்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம்.

ஐப்பசி மாதத்தை இந்நாட்டார் துலாம் என்பர். துலாமாதத்து மாலைகளில் இடி இடித்தால் நம் வீடுகளில் முதலிற் பிடுங்கும் பொருள் தொலைக்காட்சியின் செருகி. கணினியைப் பலர் மறந்து விடுகின்றனர். மறுநாள் பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரிவதில்லை, விசிறியும் சுழல்வதில்லை. இத்தகைய வேளையில் பெரும்பாலும் கெட்டிருப்பது மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியோ, தாய்ப்பலகையோதான். கடற்காற்றின் உப்பும் காயலின் ஈரமும் தாய்ப்பலகையை அரிப்பதும் இவ்வூரில் உண்டு. ஆயினும் உங்கள் கோப்புகள் தாய்ப்பலகையில் இல்லை. அவை ஹார்டு டிஸ்க் என்னும் தனி உறுப்பில் உள்ளன. வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டிக்குள் பத்திரம் கிடப்பது போன்றது இது.

செய்ய வேண்டுவது யாதெனின், மின்சாரத் தொடர்பை முற்றும் நீக்கிவிட்டு, அந்த உறுப்பைக் கழற்றி எடுத்து, அதற்கென விற்கும் ஒரு கூட்டிலோ இணைப்புக் கம்பியிலோ பொருத்தி, புதிய கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிற் செருகுவதே. மடிக்கணினியின் இரண்டரை அங்குல டிஸ்க்கிற்கு அந்த வாயிலிலிருந்து வரும் மின்சாரமே பொதுவாகப் போதும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்கிற்குத் தனியே 12 வோல்ட் மின்சாரம் தரும் இணைப்பு வேண்டும். மிகப் பழைய கணினிகளில் அகன்ற பட்டைக் கம்பியாலான ஐ.டி.இ. என்னும் இணைப்பு இருக்கும். புதியவற்றில் குறுகிய சாட்டா இணைப்பு இருக்கும். வாங்குமுன் எது வேண்டும் என்று பார்த்துக் கொள்க. இன்றைய மெலிந்த மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இவ்வழி செல்லாது. அத்தகைய கணினி வைத்திருப்போர் முன்னரே படியெடுத்து வைப்பதன்றி வேறு வழியில்லை.

டிஸ்க்கைச் செருகியதும் புதிய கணினி சில வேளைகளில் ஒரு வினா எழுப்பும்: இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று. இங்கேதான் பலர் தம் கையாலேயே தம் செல்வத்தை அழித்துக் கொள்கின்றனர். அவ்வினாவிற்கு ஒருபோதும் "ஆம்" என்று விடை கூறலாகாது. அதுபோலவே, பழைய டிஸ்க்கின் மீது புதிதாக விண்டோஸ் ஏற்றித் தருகின்றேன் என்று ஒருவர் கூறினால், "முதலில் படியெடுத்துத் தாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். படியெடுப்பது முதல், பழுது பார்ப்பது பின்பு. இவ்வொழுங்கு மாறலாகாது.

எவற்றைப் படியெடுப்பது? பயனர் பெயரிலுள்ள உறையைத் திறந்தால் முகப்பு, ஆவணங்கள், படங்கள், இறக்கங்கள் என்னும் உட்பிரிவுகள் இருக்கும். அவற்றை முழுதும் எடுங்கள். மின்னஞ்சலைக் கணினியிலேயே சேமித்து வந்தவர்கள் அக்கோப்பையும் தேடி எடுக்க வேண்டும். இவற்றோடு எவரும் நினையாத ஒன்றையும் எடுக்க வேண்டும்: விண்டோஸ் உறையின் உள்ளே இருக்கும் எழுத்துருக்களின் தொகுதி. அது எதற்கு என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

அடுத்து இரண்டாம் சாவு, அதாவது டிஸ்க்கின் சாவு. டிஸ்க்கைச் செருகியதும் "டக், டக்" என்று ஓசை கேட்குமாயின் உடனே நிறுத்தி விடுங்கள். உள்ளே சுழலும் தட்டின் மேல், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை மிதந்து செல்கின்றது. அம்முனை பழுதுற்ற நிலையில் மீண்டும் மீண்டும் இயக்கினால் தட்டில் கீறல் விழும். கீறிய இடத்துச் செய்தி என்றும் மீளாது. அதை வீட்டில் திறந்து பார்ப்பதும், குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதும் கூடா. தூசியில்லா அறையில் இப்பணி புரியும் நிறுவனங்கள் பெருநகரங்களில் உள்ளன. செலவு மிகுதி, ஆகவே உள்ளிருப்பது அச்செலவிற்குத் தகுமா என்று வீட்டார் கூடி முடிவு செய்ய வேண்டும்.

பூட்டைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்து விண்டோஸ் கணினிகள் பல, உரியவர் அறியாமலேயே டிஸ்க்கைப் பூட்டி வைக்கின்றன. பிட்லாக்கர் என்பது அதன் பெயர். அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட திறவெண் வேண்டும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவரும் மறைந்து விட்டால், டிஸ்க் நலமாக இருந்தும் பயனில்லை. வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லாச் சாவியையும் இடுப்பில் முடிந்திருந்த காலம் போய்விட்டது. அத்திறவெண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

இனி மூன்றாம் சாவிற்கு வருகின்றேன். அதை விளக்க நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. நம் மட்டாஞ்சேரியிலேயே, 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியை அறியாதார் யார்? ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தான். அந்தச் செப்பேட்டை இங்குள்ள யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணெனக் காத்து வந்தனர். செம்பு கெடவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆயினும் இன்று யூதத் தெருவில் நடந்து செல்லும் நூறு பேரிடம் காட்டினால் ஒருவரேனும் படிப்பாரோ? அரிது. ஏனெனின் அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. ஏடு வாழ்ந்தது, எழுத்து வழக்கொழிந்தது. கல்வெட்டு அறிஞர்கள் அவ்வெழுத்தைக் கற்று வைத்திருப்பதால்தான் அச்செப்பேடு இன்றும் பேசுகின்றது.

நம் கணினியிலும் அதுவே நிகழ்ந்தது. ஆயிரம் ஆண்டில் அன்று, இருபது ஆண்டிற்குள். கணினி எழுத்தை உருவமாக அறியாது. எண்ணாக மட்டுமே அறியும். தொடக்க காலத்தில் தமிழுக்கென்று எல்லாரும் ஒப்பிய எண் வழக்கில் இல்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றித் தன் எழுத்துருவைச் செய்தது. பாமினி ஒரு முறை, மயிலை ஒரு முறை, திஸ்கி ஒரு முறை என்று பல முறைகள் பெருகின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் முறைகளும் வகுக்கப்பட்டன. அவ்வெழுத்துருக்களில் தட்டிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தோன்றாது; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி நிரம்பிய ஒரு பக்கமே தோன்றும்.

சென்ற துலாமாதத்து மின்னலில் நம் காலனியில் ஒரு வீட்டுக் கணினி இறந்தது. அதை வைத்திருந்த பெரியவர் மூன்றாண்டுகளுக்கு முன் காலமானவர். அவர் தம் துணைவியார் பாடப் பாடக் கேட்டு, நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பல ஆண்டுகளாகத் தட்டி வைத்திருந்தார். அவை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவ்வம்மையாரின் பாட்டியோடு கொச்சிக்கு வந்தவை. இங்கே மூன்று தலைமுறை வாழ்ந்து, காயலும் தோணியும் மலையாளச் சொற்களும் உள்ளே புகுந்து, வேறெங்கும் இல்லாத பாட்டுகளாக மாறியவை. "இதில் ஒன்றும் தேறாது, புதிது வாங்கிக் கொள்ளுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், தம்பி" என்று அம்மையார் நம் இளைஞர் ஒருவரிடம் வருந்திக் கூறினார். இளைஞர் டிஸ்க்கைக் கழற்றி, நான் முன்பு சொன்ன முறையில் இணைத்தார். கோப்புகள் வந்தன. திறந்து பார்த்தால் எல்லாம் உருத்தெரியாத ஆங்கிலக் குப்பை. மின்னல் கோப்பையும் சிதைத்து விட்டது என்றே அவ்விளைஞர் கருதினார்.

சங்கத்து மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்து, "அரைப்புள்ளி இவ்வளவு வருகின்றதே, இது பழுதன்று, எழுத்துரு இல்லாமையே" என்றார். பழைய டிஸ்க்கிலேயே எழுத்துருத் தொகுதியைத் தேடினார்கள். அங்கே அந்தப் பழைய எழுத்துரு உறங்கிக் கொண்டிருந்தது. அதைப் புதிய கணினியில் ஏற்றியவுடன் பக்கம் முழுதும் தமிழாய் மலர்ந்தது. அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, முதலிரண்டு பாட்டுகளை மெல்லப் பாடிப் பார்த்து, மூன்றாம் பாட்டில் ஓரடி விட்டுப் போயிருக்கின்றது என்று சுட்டிக் காட்டினார். அவ்வடியை அவர் சொல்ல, இளைஞர் அங்கேயே சேர்த்தார். படங்களுட் சில மட்டும் மீளவில்லை.

எழுத்துருக்களையும் படியெடுங்கள் என்று நான் கூறியதன் பொருள் இப்போது விளங்கியிருக்கும். ஆனால் அதோடு நின்றுவிடலாகாது. பழைய எழுத்துருவை நம்பியே கோப்பை வைத்திருப்பது, வட்டெழுத்தை நம்பிச் செப்பேட்டை வைத்திருப்பது போன்றது. அதை யூனிகோடு என்னும் பொது முறைக்கு மாற்ற வேண்டும். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்பது எண். அவ்வெண் கொச்சியிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் ஒன்றே. தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதைத் தன் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக் கோப்புகளை இம்முறைக்கு மாற்றித் தரும் என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒற்றும் கொம்பும் சில இடங்களில் பிறழ்தல் உண்டு. மூலக் கோப்பையும் எறிந்து விடாதீர்கள்.

இம்மாற்றத்தை ஒரு வேள்வியாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வத் தொண்டில், உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சங்க நூல்கள் முதலாகப் பலவற்றைத் தட்டெழுதிச் சேர்த்தனர். அவர்கள் ஒரு முறையில் தட்டியதோடு ஓயவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் நூல்களை மாற்றி வந்தார்கள். நம் முன்னோர் ஓலை நைந்து போகுமுன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள் அல்லவா? அத்தொழிலே இது.

நம் சங்க மலர்களுக்கு வேறொரு இடரும் உண்டு. பழைய மலர்கள் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் கோக்கப்பட்டவை. 2001இல் வெளிவந்த 7.0 என்பதே அதன் கடைசிப் பதிப்பு. அதன் வழிவந்த இன்டிசைனும் சி.எஸ்.6 என்னும் பதிப்பிற்குப் பின் அக்கோப்புகளைத் திறப்பதில்லை. ஆகவே, பேஜ்மேக்கர் உள்ள ஏதேனும் ஒரு பழைய கணினி ஓடிக் கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு மலரையும் பி.டி.எஃப். கோப்பாக மாற்றிவிட வேண்டும். இப்பணியை அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைக்கலாகாது.

தமிழருக்கு மட்டும் நேர்ந்தது இது என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய நிலக்கணக்கு ஏடு ஒன்று உண்டு. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் அந்நாட்டு மக்களின் வாழ்க்கையைப் புதிதாகத் தொகுத்து லேசர் தட்டுகளில் பதித்தது. இருபதாண்டும் நிறைவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவி அருகிப் போயிற்று. அறிஞர்கள் பெரிதும் முயன்றே அதை மீட்டார்கள். 1086இல் தோலில் எழுதியதோ இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. புதியது என்பதனாலேயே ஒன்று நிலைக்கும் என்று நம்புவது பேதைமை.

இறுதியாகப் படிகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கூற விழைகின்றேன். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1579இல் நம் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம் ஆகியவை தமிழ் அச்சின் தொடக்க நூல்கள். இவற்றுள் முன்னதன் படி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. தொலைவான ஓரிடத்திற்கு ஒரு படி போய்ச் சேர்ந்ததால் அந்நூலை நாம் இன்றும் காண்கின்றோம். கொச்சியை 1663 முதல் 1795 வரை ஆண்ட டச்சுக்காரரின் பழைய பதிவேடுகளைக் காண விழைவோரும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கே செல்ல வேண்டும். மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு படியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாகப் போயின. ஒரே இடத்தில் ஒரே படி என்பது, ஒரு தீக்குச்சிக்கோ ஒரு வெள்ளத்திற்கோ எட்டும் தொலைவில் வைத்திருப்பதே ஆகும். 2018 ஆகஸ்டில் ஆலுவா, பறவூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்த நீரை நாம் மறக்கவில்லை.

ஆகவே ஆவணங்களைக் காப்போர் கூறும் கணக்கு ஒன்றை நினைவில் வையுங்கள்: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ வாழும் தங்கை வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்பற்க. பல ஆண்டுகள் மின்சாரம் காணாமற் கிடந்தால் அதிலுள்ள செய்தி மங்கக்கூடும். மிக அருமையானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். படியெடுத்ததோடு அமையாது, ஆண்டிற்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சரசுவதி பூசையன்று ஏடு அடுக்கி, மறுநாள் விசயதசமியில் பிரித்துப் படிக்கின்றோம் அல்லவா? அந்நாளிலேயே கணினிக் கோப்புகளையும் திறந்து படித்துப் பார்ப்பது என்று ஒவ்வொரு வீடும் வழக்கமாக்கிக் கொண்டால் மறதிக்கு இடமிராது.

பழைய கணினியை இங்கே ஆக்ரிக் கடை என்றும், நம் ஊரில் காயலான் கடை என்றும் சொல்லும் இடத்திற்கு அனுப்புமுன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் அதிலேயே இருக்கும்.

சங்கத்திற்கு என் வேண்டுகோள் இரண்டே. மாதம் ஒரு ஞாயிறு, நம் இளைஞர்கள் சங்க மண்டபத்தில் அமர்ந்து, எவர் வீட்டு இறந்த கணினியையும் ஏற்று, உரியவர் முன்னிலையிலேயே படியெடுத்துத் தருக. முதியோர்கள் தம் கோப்புகளில் உள்ளவை யாவை, எவ்வெழுத்துருவில் உள்ளன என்பதை ஒரு தாளில் எழுதித் தருக. இயந்திரம் அறிந்தவர் இளையவர். எழுத்தை அறிந்தவர் மூத்தவர். நலங்குப் பாட்டு மீண்டது இருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததனால்தான்.